போன வருட எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள்: பேண்டஸி பேஸ்பால் கேள்வி - பதில்

மார்ச் பிறந்துவிட்டது. பேண்டஸி பேஸ்பால் என்றால் நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆட்ட எண்களாலேயே போட்டியிடுவது. அந்த ஆட்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்குகிறது. வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் பேட்டர்களைப் பற்றியே கேட்கின்றன. நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எங்கள் லீகில் 12 அணிகள். போன வருடம் 30 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர் என்று பார்த்து எடுக்கிறேன். என்னிடம் வந்ததும் 18 தான் அடிக்கிறார். மூன்று வருடமாக இதே கதை. எங்கே தவறு செய்கிறேன்?
- டல்லாஸ் வாசகர்

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய தவறு இல்லை. அவருக்குக் கொடுக்கும் விலையில்தான், அதாவது எத்தனை சீக்கிர ரவுண்டில் எடுக்கிறீர்கள் என்பதில்தான் தவறு. 30 ஹோம் ரன் எல்லோர் கண்ணிலும் பட்ட எண். அதற்கான விலை ஏற்கெனவே ஏறிவிட்டது. அவர் திரும்பவும் 30 அடித்தால்கூட உங்களுக்கு லாபம் இல்லை, கொடுத்த விலைக்குச் சரியாகப் போகும், அவ்வளவுதான். லாபம் வருவது போன வருட எண் பொய் சொல்கிற இடத்தில்.

2021 டிராஃப்ட் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்கஸ் செமியென் 2019-ல் ஓக்லாண்டுக்காக 162 ஆட்டமும் ஆடி 33 ஹோம் ரன் அடித்தவர். அடுத்தது 2020, கொரோனாவால் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய வருடம். அதில் 53 ஆட்டத்தில் .223 ஆவரேஜ் (அடித்து பேஸை எட்டும் விகிதம்), 7 ஹோம் ரன். டொரான்டோ அவரை ஒரே வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. எங்கள் டிராஃப்டில் ஒன்பதாவது ரவுண்டு வரை யாரும் அவரைத் தொடவில்லை. என் நோட்டில் அவர் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்: ‘53 ஆட்டமா, 162 ஆட்டமா, எதை நம்புவது?’ என் முறை வந்தது, எடுத்தேன். அந்த வருடம் 45 ஹோம் ரன், 115 ரன், 102 ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வந்த ரன்), 15 ஸ்டோலன் பேஸ் (பந்து வீசும் நேரத்தில் ஓடிப் பிடித்த அடுத்த பேஸ்). இரண்டாவது பேஸ் ஆடும் ஒருவர் ஒரு பருவத்தில் அதுவரை அத்தனை ஹோம் ரன் அடித்ததில்லை.

45 வரை போவார் என்று நான் நினைக்கவே இல்லை. 25 அடித்தால் போதும் என்றுதான் எடுத்தேன். 25 அடித்தாலே லாபம் தருகிற விலையில் கிடைத்தார் என்பதுதான் விஷயம். கோடி பெலிஞ்சரும் அப்படித்தான். 2022-ல் .210 அடித்தார், டாட்ஜர்ஸ் விட்டுவிட்டது. 2023-ல் சிகாகோ கப்ஸ் அணியில் .307, 26 ஹோம் ரன், 20 ஸ்டோலன் பேஸ். சரிந்தவர் எல்லோரும் எழுவதில்லை. ஆனால் சரிவுக்குக் காரணம் காயமோ குறைந்த ஆட்டங்களோ என்று தெரிந்தால், அந்தப் பெயரை நோட்டில் எழுதிவிடுங்கள்.

பந்து மட்டையிலிருந்து கிளம்பும் வேகத்தை வைத்தே பேட்டர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறார் என் நண்பர். சரியா?
- நியூ ஜெர்சி வாசகி

பாதி சரி. 2015 முதல் எல்லா எம்எல்பி (மேஜர் லீக்) மைதானத்திலும் ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டு அமைப்பு அதை அளக்கிறது. மணிக்கு 95 மைல், அதற்கு மேல் போனால் ‘ஹார்ட் ஹிட்’. பலமாக அடித்தும் ஆவரேஜ் குறைவாக இருப்பவர் அடுத்த வருடம் மேலே வர வாய்ப்பு உண்டு. அதோடு பாபிப்பையும் பாருங்கள். ஹோம் ரன் போக, களத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்பது அது. லீக் முழுக்க எடுத்தால் .300-ஐ ஒட்டியே இருக்கும். ஒருவருக்குத் திடீரென்று .380 என்றால் அதில் அதிர்ஷ்டம் அதிகம், அவரை மற்றவர்கள் வாங்கட்டும்.

சிக்கல் என்னவென்றால், இந்த எண்கள் இன்று எல்லோருக்கும் இலவசம். பத்து வருடத்துக்கு முன் இதைப் பார்த்தவருக்கு இருந்த சாதகம் இப்போது இல்லை. அதைவிட, வேகம் எல்லாவற்றையும் சொல்லாது. ஐசக் பரேடஸைப் பாருங்கள். பந்தை ஒன்றும் பலமாக அடிப்பவர் இல்லை. ஆனால் 2023-ல் டாம்பா பேக்கு 31 ஹோம் ரன் அடித்தார், கிட்டத்தட்ட எல்லாமே இடது பக்கம் இழுத்து, தூக்கி அடித்தவை. 2024 ஜூலையில் கப்ஸுக்குப் போனார். கப்ஸின் மைதானம் ரிக்லி ஃபீல்டு. அங்கே இடது கோட்டு ஓர வேலி 355 அடி தூரம். அங்கே 52 ஆட்டத்தில் 3 ஹோம் ரன்தான். 2025-ல் ஹியூஸ்டன். அங்கே இடது கோடு 315 அடி. காயத்தால் 102 ஆட்டமே ஆடினாலும் 20 ஹோம் ரன். அதே ஆள், அதே அடி, நாற்பது அடி வித்தியாசம். அணி மாறிய பேட்டரின் பழைய எண்ணைப் பார்க்கும் முன் புது மைதானத்தின் வரைபடத்தைப் பாருங்கள்.

இன்றும் மலிவாகக் கிடைப்பது எதுவென்றால், பேட்டிங் வாய்ப்பு. லைன்அப்பில், அதாவது பேட் செய்யும் வரிசையில், ஓர் இடம் கீழே இறங்கினால் பருவத்துக்குச் சுமார் 15 முதல் 20 வாய்ப்பு போய்விடும். முதல் இடத்திலிருந்து ஏழாவதுக்கு இறங்கினால் நூறு வாய்ப்புக்கு மேல். ரன், ஆர்பிஐ எல்லாமே இதிலிருந்து வருபவைதான். வயது 32, 33 ஆகி, தினமும் இரண்டாவது இடத்தில் ஆடுகிறவரை யாரும் ஆவலோடு எடுப்பதில்லை. நான் எடுப்பேன். வருடா வருடம் என் அணியைத் தாங்கிப் பிடிப்பது அவர்கள்தான். அணி மோசம் என்பதற்காகவும் ஒருவரை ஒதுக்காதீர்கள். 2024-ல் ஓக்லாண்டு 93 ஆட்டம் தோற்றது. அதே அணியில் பிரென்ட் ரூக்கர் .293, 39 ஹோம் ரன், 112 ஆர்பிஐ.

எங்கள் லீக் இந்த வருடம் பேட்டிங் ஆவரேஜை எடுத்துவிட்டு ஆன்பேஸ் சதவீதத்துக்கு மாறுகிறது. ஏதாவது மாற்ற வேண்டுமா?
- சிகாகோ வாசகர்

நிறைய மாற்ற வேண்டும், உங்களுக்கு நல்ல வருடம் இது. டிராஃப்ட் திரையில் வரும் வரிசை பெரும்பாலும் ஆவரேஜ் லீகுக்காகப் போட்டது. உங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கைல் ஷ்வார்பர் 2023-ல் .197 தான் அடித்தார், 47 ஹோம் ரன்னோடு. ஆவரேஜ் லீகில் அது வலி. ஆனால் 126 வாக் (நான்கு மோசமான பந்தால் அடிக்காமலே கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கினார். ஆன்பேஸ், அதாவது வாக்கையும் சேர்த்து பேஸை எட்டிய விகிதம், .343. வாக் அதிகம் வாங்குபவர்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரையும் திரை காட்டுவதைவிட ஒரு ரவுண்டு முன்பே எடுங்கள்.

அப்புறம் ஸ்டோலன் பேஸ். 2022-ல் லீக் முழுக்க 2,486. பேஸைப் பெரிதாக்கி, பிட்சர் ரன்னரைத் தடுக்க வீசுவதற்கு வரம்பு வைத்ததும் 2023-ல் 3,503. வேறெதுவும் செய்யாமல் 20 ஸ்டோலன் பேஸ் மட்டும் தருகிறவருக்குப் பழைய விலை கொடுக்காதீர்கள்.

முதல் முறையாக ஏல டிராஃப்ட். 260 டாலர், 23 பேர். நான் குறித்து வைத்திருக்கும் மலிவான பேட்டர்களை எப்போது ஏலத்துக்கு விடலாம்?
- சியாட்டில் வாசகி

கடைசியில். முதல் ஒரு மணி நேரம் உங்களுக்கு வேண்டாத பெரிய பெயர்களையே ஏலத்துக்கு விடுங்கள், மற்றவர்கள் பணம் கரையட்டும். ஒவ்வொருவரிடமும் எவ்வளவு மிச்சம் என்பதைத் தாளில் கழித்துக்கொண்டே வாருங்கள். கடைசி ஐந்து இடங்கள் மிச்சம் இருக்கும்போது மற்றவர்கள் ஒரு டாலருக்கு மேல் போக முடியாத நிலையில் இருப்பார்கள். உங்களிடம் அப்போது 12 டாலர் இருந்தால், நோட்டில் அடிக்கோடு போட்ட பெயர்களை இரண்டு, மூன்று டாலருக்கு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.