லீஸ் காருக்கு 19ஆம் நாள் வந்த வேகக் கடிதம்: என்ன செய்யலாம்?

லண்டனில் மணிக்கு 20 மைல் வரம்புள்ள சாலையில் 27 மைல் வேகத்தில் போனதாகக் கடிதம், அதுவும் சம்பவம் நடந்து 19ஆம் நாள் வந்தது, ஜிபிஎஸ் 19 மைல்தான் காட்டியது, 14 நாளுக்குள் வர வேண்டிய கடிதம் என்பதால் செல்லாதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் செல்லும். அந்த 14 நாள் கணக்கு, பதிவுப் புத்தகத்தில் காரின் பொறுப்பாளராக (registered keeper) இருப்பவருக்குப் போகும் முதல் கடிதத்துக்கு மட்டும்தான். உங்களுடையது லீஸ் கார்; முதல் கடிதம் பெரும்பாலும் லீஸ் நிறுவனத்துக்குப் போயிருக்கும். அது எந்தத் தேதியில் கிடைத்தது என்று அவர்களிடம் கேளுங்கள்.

எதுவானாலும், ஓட்டியவர் யார் என்ற படிவத்தை 28 நாளுக்குள் நிரப்பி அனுப்பிவிடுங்கள், அஞ்சல் ரசீதோடு. இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பதில் தராவிட்டால் உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகள்; உரிமம் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு அத்தோடு உரிமமே போய்விடும். வேகத்துக்கு 3 புள்ளியும் 100 பவுண்டும்தான்.

கேமரா தவறு என்று தோன்றினால் படங்களைக் கேட்டுப் பாருங்கள். காட்சோ (Gatso) எனும் சாலையோரக் கேமரா வகை என்றால் இரண்டு படம், பெரும்பாலும் அரை விநாடி இடைவெளியில். 27 மைலுக்குச் சக்கரம் சுமார் 6 மீட்டர் நகர்ந்திருக்கும். 20க்கு நாலரை மீட்டர்தான். சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகள் இதை அளக்கத்தான். ஜிபிஎஸ் காட்டிய 19 மைலை நம்பாதீர்கள், வேகம் மாறும்போது அது சற்றுப் பிந்தியே காட்டும்.

படம் சரியாக இருந்தால் வாதாட வேண்டாம். இங்கிலாந்தில் 20 மைல் வரம்புள்ள சாலையில் 24 முதல் 31 வரையான வேகத்துக்குப் பொதுவாகத் தண்டனைக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்பு தருவார்கள், மூன்று ஆண்டுக்குள் போயிராவிட்டால். புள்ளி கிடையாது.