ஒரே உப்புக்கொத்திக்கு மூன்று பெயரா?

கேள்வி: குளிர்காலத்தில் கழிமுகச் சேற்றில் எடுத்த மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். என் பழைய கையேட்டின்படி இந்தச் சின்னக் கரைப்பறவை லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவர். பறவையை அடையாளம் சொல்லும் செயலி 'டிபெட்டன்' என்கிறது. கூட வந்த வழிகாட்டியோ, கால் மஞ்சளாக இருக்கிறது, இதைப் போலவே இருக்கும் கிரேட்டர் சாண்ட் ப்ளோவர்தான் என்று அடித்துச் சொன்னார். நோட்டில் எதை எழுதுவது?

பதில்: வழிகாட்டி சொன்னதை முதலில் பார்ப்போம். கிரேட்டரின் கால் வெளிறிய மஞ்சள்பச்சை, லெஸ்ஸரின் கால் கருஞ்சாம்பல் என்பது சரிதான். ஆனால் சேறு காய்ந்த கால் எந்த நிறத்திலும் தெரியும். உங்கள் முதல் படத்தில் இடது கால் மஞ்சள், வலது கால் கறுப்பு! காலை வெயில் செய்த வேலை அது. காசு வாங்கிக்கொண்டு வருகிற வழிகாட்டிகளில் சிலருக்கு, நீங்கள் பார்த்த பறவைகளின் பட்டியலில் ஒரு பெயர் கூடினால்தான் அடுத்த முறையும் கூப்பிடுவீர்கள் என்ற கணக்கு உண்டு. அடித்துச் சொல்கிறவரிடம் "எதை வைத்து?" என்று கேளுங்கள். நிறத்தை மட்டும் சொன்னால் நம்பாதீர்கள்.

அலகைப் பாருங்கள். பக்கவாட்டுப் படத்தில் ஒரு நூலால் அலகின் நீளத்தை எடுத்து, அலகின் அடியிலிருந்து கண் பக்கமாக வையுங்கள். கண்ணின் பின்விளிம்பைத் தாண்டினால் கிரேட்டர் பக்கம். தாண்டாவிட்டால் லெஸ்ஸர் பக்கம். உங்கள் பறவையில் நூல் தாண்டவில்லை.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மேற்காசியாவில் இனப்பெருக்கம் செய்யும் கொலம்பினஸ் என்ற துணையினம் கிரேட்டர்தான், ஆனால் அலகு சின்னது. நூல் வைத்தால் லெஸ்ஸர் என்றே சொல்லும். செங்கடல் பக்கக் கடற்கரைகளில் இதை வைத்து ஏமாந்தவர்கள் நிறைய. அங்கே அலகை மட்டும் நம்பக் கூடாது. பறக்கும்போது கால்விரல்கள் வாலுக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, முழங்கால்போலத் தெரிகிற மூட்டுக்கு மேலே உள்ள பகுதி நீளமா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் மூன்றாவது படத்தில் பறவை பறக்கிறது, விரல் வெளியே தெரியவில்லை. ஆக, கிரேட்டர் இல்லை.

அப்புறம் அந்த 'டிபெட்டன்'. பறவை மாறவில்லை, பறவையியலாளர்களின் பெயர்ப் பட்டியல் மாறியிருக்கிறது. லெஸ்ஸரை அண்மையில் சைபீரியன், டிபெட்டன் என்று இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். 1776-ல் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் வைத்த மங்கோலஸ் என்ற அறிவியல் பெயர் சைபீரியனிடம் தங்கியது. டிபெட்டனுக்கு அட்ரிஃப்ரான்ஸ், அதாவது கறுப்பு நெற்றி. இனப்பெருக்க காலத்தில் அந்த நெற்றியைப் பார்த்துப் பிரிக்கலாம். குளிர்காலத்தில் இரண்டும் ஒரே சாம்பல். செயலி பெரும்பாலும் நீங்கள் நிற்கிற இடத்தை வைத்தே சொல்கிறது; உங்கள் படத்தில் நெற்றியைக் கண்டுபிடித்து அல்ல.

பேரினத்தையும், அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல்லையும், விட்டுவைக்கவில்லை. சரத்ரியஸ் போய் அனரிங்கஸ் வந்திருக்கிறது. அலகு ஒரு பக்கமாக வளைந்த நியூசிலாந்துப் பறவைக்கு வைத்த பெயர் அது. நேரான அலகுள்ள நம் உப்புக்கொத்திக்கு எதற்கு? உறவு ஒன்று என்று தெரிந்தபின் மூத்த பெயர்தான் செல்லும் என்பது விதி; பொருத்தம் பார்ப்பதில்லை. கிரேட்டரின் அறிவியல் பெயரில்கூட லெஷெனோ என்ற தாவரவியலாளர்தான் உட்கார்ந்திருக்கிறார். விதி போகட்டும். ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இழுத்தடித்து, 2025-ல்தான் அவிலிஸ்ட் என்று ஒரு பொதுப் பட்டியலே வந்தது. அதுவரை குழம்பியது நீங்களும் நானும்.

நோட்டில் 'சைபீரியன் / டிபெட்டன்' என்று சாய்கோடு போட்டு எழுதுங்கள். பழைய பக்கங்களில் லெஸ்ஸர் என்று இருப்பதை அடிக்க வேண்டாம்; தேதியும் இடமும் இருந்தால் போதும். அடுத்த முறை பக்கவாட்டில் ஒரு படம், பறக்கும்போது ஒரு படம் எடுங்கள். கால்களை மட்டும் பெரிதாக்கி அனுப்பாதீர்கள்.