லீவு தள்ளிப்போனால் அட்வான்ஸ் போய்விடுமா?

கேள்வி: ஷார்ஜாவில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சேலம் அழகாபுரத்தில் வீடு வாங்க கிரய ஒப்பந்தம் பதிவு செய்து, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். ஜூலை 15-க்குள் கிரயம் முடிக்க வேண்டும். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இப்போது திடீரென்று, விடுமுறையின் முதல் மூன்று வாரம் ஆசிரியர் பயிற்சி, யாரும் ஊருக்குப் போகக்கூடாது என்று பள்ளியில் சர்க்குலர் விட்டிருக்கிறார்கள். வீட்டை விற்கும் வீட்டுக்காரரோ, தேதி தாண்டினால் அட்வான்ஸ் கிடையாது என்கிறார். என்ன செய்வது?

பதில்: பயப்படாதீர்கள் சகோதரி, வழி இருக்கிறது. ஆனால் பள்ளி தேதியை மாற்றியதால் உங்கள் ஒப்பந்தக் கெடு தானாகத் தள்ளிப்போகாது. நீங்கள் வராமலேயே பத்திரம் முடிக்கலாம் என்பதால், நிறைவேற்றவே முடியாமல் போகும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 56-வது பிரிவைக் காட்டியும் தப்ப முடியாது.

வீடு, மனை விற்பனையில் காலக்கெடுவைப் பொதுவாக உயிர்நாடியான நிபந்தனையாகக் கருதுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம். கிரயம் முடிக்க நீங்கள் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்களா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அதனால் இன்றே வீட்டுக்காரருக்கு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் கடிதம் அனுப்புங்கள். சர்க்குலர் நகல், மீதிப் பணம் இருப்பதற்கான வங்கிக் கணக்கு விவரம், பவர் (அதிகாரப் பத்திரம்) மூலம் குறித்த தேதியில் பத்திரம் முடிப்பேன் என்ற உறுதி, இவை மூன்றும் அதில் இருக்கட்டும். போனில் பேசியது போதாது.

அடுத்தது பவர். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது இந்த ஒரு கிரயத்துக்கு மட்டும் சிறப்பு அதிகாரப் பத்திரம் கொடுங்கள். புரோக்கர் பெயருக்கு வேண்டவே வேண்டாம். ஒப்பந்தத்தில் உள்ள சர்வே எண், கதவு எண், நான்கெல்லை ஓர் எழுத்து மாறாமல் வரட்டும். துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, சான்றொப்பம் வாங்கி, கூரியரில் அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் கவரைக் கிழித்து எறிந்துவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி. வங்கிக் கடன் என்றால் வங்கி தன் படிவத்திலேயே பவர் கேட்கக்கூடும், முன்னாலேயே விசாரியுங்கள்.

வீடு என்பதால் சிக்கல் இல்லை. வெளிநாட்டில் வசிக்கும்வரை ஏற்காட்டில் காபித் தோட்டமோ, விவசாய நிலமோ வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. பலர் இதில் மாட்டுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். அது உறுதிப்பணமா (ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்பதற்குப் பிணையாகக் கொடுப்பது), விலையின் ஒரு பகுதியா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. உறுதிப்பணம் என்று எழுதியிருந்து, தவறும் உங்கள் பக்கம் என்றானால், இழக்க நேரிடலாம். பவர் ஏஜென்ட் பணத்தோடு வந்தும் வீட்டுக்காரர் வராவிட்டால் தவறு அவருடையதாகிவிடும். அப்போது சேலம் சிவில் நீதிமன்றத்தில் ஏற்றதை ஆற்றக் கோரி, அதாவது ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லி, வழக்குப் போடலாம். கெடு தேதியிலிருந்து 3 வருடம் அவகாசம் உண்டு. ஆனாலும் சில வாரங்களுக்குள் போடுவதே நல்லது. அட்வான்ஸைத் திருப்பித் தரும்படியும் மாற்றுப் பரிகாரமாக அதிலேயே கேளுங்கள். கேட்காவிட்டால் அதை நீதிமன்றம் தர முடியாது.