யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் பாட்டுக்கு ஒரு லட்சம் பவுண்டா? பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் பணத்திமிர் பிடித்தவர்களா?

ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ' என்ற 45 ஆர்பிஎம் தட்டு (நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சின்ன இசைத்தட்டு) 2020இல் ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றதே, அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் பணத்தில் அப்போது கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய். தொகையைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'பணத்திமிர்' என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. நான் இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இந்தத் தட்டுகளைத் தேடி அலைகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கூட்டம் யார் என்று தெரிந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

இந்த இசையை இங்கே நார்தர்ன் சோல் என்பார்கள். பாட்டுகள் இங்கிலாந்தில் உண்டானவை அல்ல. 1960களில் டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் ஊர்களில் பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள் பாடியவை. டெட்ராய்ட்டின் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் வெற்றியைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு லேபிள், அதாவது தட்டு வெளியிடும் கம்பெனி, தொடங்கிய காலம். சில நூறு தட்டு அச்சடிப்பார்கள், உள்ளூர் ரேடியோவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ரேடியோவில் போட்டால் பாட்டு பிழைக்கும். போடாவிட்டால் மிச்சமெல்லாம் கிடங்குக்குப் போகும், பாடியவர் பழைய வேலைக்குத் திரும்பிவிடுவார். அங்கே யாரும் சீந்தாத அந்தப் பாட்டுகளைத்தான் வட இங்கிலாந்தின் பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், பீங்கான் ஆலை ஊர்களில் இருந்த இளவட்டங்கள் தேடிப் பிடித்தார்கள். மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கத்தில் கோல்டன் டார்ச், பிளாக்பூலில் மெக்கா என்று அவர்களுக்கு ஆட்ட அரங்குகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே விகன் கசினோ. 1973 செப்டம்பரில் ஆரம்பித்து 1981 டிசம்பர் வரை நடந்தது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குத் தொடங்கி காலை எட்டு மணி வரை ஆட்டம். மது விற்க உரிமம் கிடையாது. கால் தரையில் வழுக்கிச் சுழல வேண்டும் என்று டால்கம் பவுடர் தூவிக்கொள்வார்கள், வியர்வையில் நனைந்தால் மாற்றிக்கொள்ளப் பையில் இன்னொரு சட்டை இருக்கும். வாரம் முழுக்க ஆலையில் நின்று வேலை பார்த்தவர்கள் இவர்கள்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவர் எங்கள் மருத்துவமனையில் போர்ட்டராக இருந்தவர். பதினாறு வயதிலேயே விகன் கசினோவுக்குப் போக ஆரம்பித்தவர். நைட் டூட்டியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பார். ஒரு நாள் அது என்ன பாட்டு என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. "சனிக்கிழமை உனக்கு லீவா?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டிப்போன இடம் ஒரு தொழிலாளர் மன்றத்தின் ஹால். பெரும்பாலும் அறுபதை நெருங்கியவர்கள், அதைத் தாண்டியவர்கள். ஜோடி சேராமல் அவரவர் தனியாக ஆடினார்கள். யார் எப்படி ஆடுகிறார் என்று யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. பாட்டு வரிகளெல்லாம் பிரிவும் அழுகையுமாக இருக்கிறது, தாளமோ நிற்காமல் ஓடுகிறது. இரண்டரை நிமிடத்தில் ஒருவர் தன் மனதில் இருக்கும் அத்தனையையும் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார். ஊரை விட்டு வந்து தனியாக இருந்த எனக்கு அது எப்படி இருந்தது என்று விளக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து இந்த இசையை விடவில்லை.

சரி, யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன். பாட்டு இலவசமாகக் கிடைக்கிறது என்கிறீர்கள். அது அங்கே எப்படி வந்தது? சின்னச் சின்ன லேபிள்கள் மூடப்பட்டபோது பல பாட்டுகளின் மூல டேப்பே காணாமல் போய்விட்டது. மிஞ்சியது தட்டு மட்டும்தான். யாரோ ஒருவர் அமெரிக்கா போய், தூசி படிந்த கிடங்கில் நாள் முழுக்கக் குனிந்து தேடி, பெயர் தெரியாத ஒரு தட்டை எடுத்து வந்து ஒரு அரங்கில் போட்டார். ஆடியவர்கள் அதைப் பிழைக்க வைத்தார்கள். 'டெயின்டட் லவ்' என்ற பாட்டு சாஃப்ட் செல் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு பாடி 1981இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது பலருக்குத் தெரியும். அதை 1960களின் நடுவில் முதலில் பாடியவர் குளோரியா ஜோன்ஸ். அப்போது அது ஒரு தட்டின் பின்பக்கத்தில் கிடந்த, யாரும் கவனிக்காத பாட்டு. ரிச்சர்ட் சியர்லிங் என்ற டீஜே 1970களில் அமெரிக்காவில் இருந்து அந்தத் தட்டைக் கொண்டுவந்தார். நார்தர்ன் சோல் அரங்குகளில் அது ஓடியிருக்காவிட்டால் சாஃப்ட் செல் பதிப்பே வந்திருக்காது.

ஃபிராங்க் வில்சன் கதையும் அப்படித்தான். 1965இல் மோட்டவுனின் 'சோல்' என்ற துணை லேபிளில் சுமார் 250 டெமோ பிரதிகள், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய மாதிரித் தட்டுகள், அச்சாகின என்பார்கள். வெளியீடு கைவிடப்பட்டது, பிரதிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. அவர் பாடகராகத் தொடராமல் பாட்டு எழுதுவதிலும் தயாரிப்பதிலும் இறங்கி அங்கே பெரிய ஆளானார். சுப்ரீம்ஸ் குழுவின் 'ஸ்டோன்ட் லவ்' அவர் தயாரித்ததுதான். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து எப்படியோ ஒரு பிரதி வெளியே வந்தது. விகன் கசினோவில் அதை 'எடி ஃபாஸ்டர்' என்ற பொய்ப் பெயரில் போட்டார்கள். அந்தக் காலத்தில் டீஜேக்களுக்கு இது வழக்கம். தட்டின் நடுவில் பெயர் அச்சிட்ட லேபிள் தாளை மறைத்து வேறு பெயர் சொல்லிவிடுவார்கள், போட்டி டீஜே போய் அதே தட்டைத் தேடக் கூடாது அல்லவா. 1979இல் டாம்லா மோட்டவுன் அந்தப் பாட்டை பிரிட்டனில் முறையாக வெளியிட்டது. அசல் டெமோ பிரதிகளில் இன்று இருப்பதாகத் தெரிந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்குப் போனது. 2020இல் ஒரு லட்சம். அந்த விலை கொடுத்தது ஒருவர். அவரை வைத்து எங்கள் எல்லோரையும் எடை போடாதீர்கள். நான் வாங்கிய தட்டுகளில் பெரும்பாலானவை இருபது முப்பது பவுண்டுக்கு உட்பட்டவை.

"மறுபதிப்பு வாங்கினால் போதாதா, அசல்தான் வேண்டும் என்று ஏன் அடம்?" என்று அடுத்து கேட்பீர்கள். வீட்டில் கேட்க மறுபதிப்பு தாராளமாகப் போதும். ஆனால் நார்தர்ன் சோல் இரவுகளில் டீஜே அசல் பதிப்பைத்தான் போட வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. நகல் தட்டைப் போடுகிறவருக்கு மரியாதை கிடையாது. தேடி அலைந்தவரின் உழைப்புக்குக் கொடுக்கும் இடம் அது. எனக்கு இது சரியாகவே படுகிறது. ஏன் என்று நான் பார்த்த ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட இரவுகளில் ஆட்ட அரங்குக்கு வெளியே ஒரு பக்க அறையில் விற்பனையாளர்கள் பெட்டி பெட்டியாகத் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முறை அங்கே ஒரு இளம் ஜோடி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கிக்கொண்டிருந்தது. விலை முந்நூறு பவுண்டு. எந்தத் தட்டு என்று எழுத மாட்டேன், எழுதினால் விற்றவர் யார் என்று இந்த வட்டாரத்தில் தெரிந்துவிடும். அந்தப் பெண் பணத்தை எடுக்கப் போனபோது, நான் ஒரு நிமிடம் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

பாட்டு முடிந்து நடுவில் லேபிள் தாள் தொடங்கும் முன் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். அதில்தான் மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்தப் பதிப்பை அடையாளம் காட்டும் எண், இருக்கும். நகைக்கு ஹால்மார்க் பார்ப்பது போல நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தத் தட்டின் அசலில் எண் இயந்திரத்தால் குத்தப்பட்டிருக்கும். இதில் கையால் கீறியிருந்தது. அசல் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தது, லேபிள் தாளை மேலே ஒட்டியிருப்பார்கள். இது வினைல் என்ற வேறு பிளாஸ்டிக், லேபிள் தட்டோடு சேர்ந்து அழுந்தியிருந்தது. எழுத்துகளின் ஓரமும் மங்கல், அசல் லேபிளைப் படமெடுத்து மறுபடி அச்சடித்தால் அப்படித்தான் வரும். 1970களில் இங்கே இந்த மாதிரித் திருட்டுப் பதிப்புகள் ஏராளமாக வந்தன. எல்லாம் அந்தப் போர்ட்டர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

"இது அசல் இல்லை" என்றேன். விற்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். அந்த 'உனக்கு' எந்த அர்த்தத்தில் வந்தது என்று இந்த நாட்டில் வாழும் நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் சத்தம் போடவில்லை. எண்ணையும் லேபிளையும் விரலால் காட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார். இரவை நடத்துகிறவரும் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இவர் சொல்வது சரி" என்றார். தட்டு பெட்டிக்குள் போய்விட்டது. அந்த ஜோடியின் முந்நூறு பவுண்டு தப்பியது. அதன் பிறகு அந்த அறையில் ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கீழே கருத்துப் பகுதியில் சிலர் வருவார்கள் என்று தெரியும். "கறுப்பினத்தவர் இசையை வெள்ளைக்காரர்கள் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள், நீங்களும் அதில் சேர்ந்துகொண்டீர்களா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காக, அமெரிக்காவில் கேட்க ஆளில்லாமல் போன பாடகர்களை இங்கே அழைத்து மேடையேற்றியதை மறந்துவிட முடியாது. மேஜர் லான்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் கோல்டன் டார்ச்சில் பாடியது நேரடிப் பதிவாகவே வந்தது. டெட்ராய்ட்டில் ரிக்-டிக் லேபிளில் பாடிய எட்வின் ஸ்டார் கடைசியில் இங்கிலாந்திலேயே குடியேறி, 2003இல் நாட்டிங்காம் பக்கத்தில் காலமானார். "போதை மாத்திரைக் கூட்டம்தானே" என்பார்கள். 1970களில் அது இருந்தது, மறைக்க மாட்டேன். நான் போகும் இரவுகளில் அறுபது வயதுக்காரர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஆடுகிறார்கள். "முதலீட்டுக்காக வாங்குகிறவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். அவர்களை எங்களுக்கும் பிடிக்காது. தட்டைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டால் அந்தப் பாட்டுக்கு யார் ஆடுவது?

சொந்தக்காரர்கள் பேச்சுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஊரில் இருந்து மச்சான் போனில் பேசும்போதெல்லாம், "அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கியிருக்கலாமே" என்கிறார். அதே மச்சான் மகள் சடங்குக்கு மண்டபம், டிரோன் கேமரா, ஃபிளெக்ஸ் போர்டு என்று கடன் வாங்கிச் செலவழித்தார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்குக் காட்டச் செய்யும் செலவெல்லாம் கௌரவம், ஒருவன் தன் மனசுக்குப் பிடித்ததற்கு இருபது பவுண்டு கொடுத்தால் ஊதாரி. என் வீட்டிலேயே அப்பா வைத்திருந்த பழைய சினிமாப் பாட்டுத் தட்டுகளை வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் இங்கே இருந்தேன், யாரும் ஒரு போன் பண்ணிக் கேட்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதில் கொரியர் வேறு. அமெரிக்காவில் இருந்து வரும் பார்சலுக்கு வரியும் அதற்கு மேல் கையாளும் கட்டணமும் வாங்கிக்கொண்டு, மழையில் குப்பைத்தொட்டி மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். 'மடிக்காதீர்கள்' என்று ஒட்டியிருந்தாலும் தபால் துளைக்குள் மடித்துத் திணிக்கிறார்கள். ஸ்டைரீன் தட்டு அப்படி மடங்கினால் விரிசல் விட்டுவிடும்.

உண்மையிலேயே கோபப்பட வேண்டுமென்றால் நீங்கள் ஒன்றுக்குக் கோபப்படலாம். பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்கு ஒரு பைசா போகாது. 2012இல் மறைந்த ஃபிராங்க் வில்சனின் குடும்பத்துக்கு அந்த லட்சம் பவுண்டில் பங்கில்லை. திருட்டுப் பதிப்புகளும் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. அதனால் நான் அசலை வாங்கினாலும், அதே பாட்டு முறையான உரிமத்தோடு வெளியாகியிருந்தால் அந்தத் தொகுப்பையும் வாங்கிவிடுவேன். லண்டனில் 1982 முதல் கென்ட் லேபிள் இந்த வேலையைச் செய்கிறது. மூல டேப்பைத் தேடிப் பிடித்து, யார் பாடியது, எங்கே பதிவானது என்று விவரமாக எழுதி வெளியிடுகிறார்கள்.

உங்களுக்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால் கென்ட் தொகுப்பு ஒன்றில் தொடங்குங்கள். தட்டாகவே வேண்டும் என்றால் 1970களில் பிரிட்டனில் மறுபடி வெளியானவற்றை வாங்குங்கள். ஆர். டீன் டெய்லரின் 'தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்' 1967இல் கவனிக்கப்படாமல் போய், 1974இல் இங்கே மூன்றாம் இடம் வரை வந்தது. அந்தப் பதிப்பு நிறைய விற்றதால் இன்றும் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. அமெரிக்கத் தட்டு வாங்கினால் நடு ஓட்டை பெரிதாக இருக்கும், ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பிளேயரின் ஊசியை முதலில் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஊசியில் ஒரு முறை ஓட்டினாலே ஸ்டைரீன் தட்டு இரைய ஆரம்பித்துவிடும், அதற்கு மருந்தே கிடையாது.