ஜப்பான் காரின் திரையை வீட்டிலேயே அப்டேற் செய்யலாமா?

கேள்வி: என்னுடையது 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா. ஜப்பானிலிருந்து வந்தபோது இருந்த செற்தான் இன்னும் இருக்கிறது. திரை முழுக்க ஜப்பான் எழுத்து, மேப்பில் ஜப்பான் வீதிகள். எஸ்.டி. கார்டில் புதிய மென்பொருளைப் போட்டு வீட்டிலேயே அப்டேற் செய்யலாம் என்று யூடியூப்பில் காட்டுகிறார்கள். செய்தால் ஆங்கிலமும் இலங்கை மேப்பும் வருமா? பாதியில் நின்றால் செற் செத்துப்போகுமா? பற்றரியும் பலவீனம், அடுத்த வாரம் மாற்றப் போகிறேன். (வாசகர், ஆரையம்பதி)

பதில்: பற்றரி விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். உங்கள் செற்றுக்குள் மேப் எஸ்.டி. கார்ட் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல டொயோட்டா செற்களில் திரையைச் சாய்த்தால்தான் கார்ட் போடும் இடம் தெரியும். அந்தக் கார்டில் மேப் மட்டும் இல்லை, செற்றின் சாவியும் அதுதான். பற்றரியைக் கழற்றிப் பூட்டியதும் இவ்வகைச் செற் தன் சொந்தக் கார்டைத் தேடும். கிடைக்காவிட்டால் ‘கார்டைப் போடு’ என்று ஜப்பான் மொழியில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும், பாட்டும் இல்லை றேடியோவும் இல்லை. கார்டைக் கணினியில் பிரதியெடுத்துப் போட்டாலும் பல செற்கள் ஏற்காது, அந்தக் கார்டின் அடையாள எண்ணையே பார்க்கின்றன. வேறு சில செற்கள் கார்டுக்குப் பதிலாக இரகசிய எண் கேட்கும். ‘ஜப்பான் மேப்தானே, எதற்கு’ என்று கார்டை எடுத்துப் பாட்டு ஏற்றியவர்களும் பிள்ளையின் கமராவுக்குப் போட்டவர்களும் பற்றரி மாற்றும் நாளில்தான் விழிக்கிறார்கள். கார்ட் இல்லையென்றால், பழைய பற்றரியைக் கழற்றும் முன் வேறொரு 12 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்து வைத்துவிட்டு மாற்றும்படி கராஜில் கேளுங்கள். அக்வாவில் அந்தப் பற்றரி பின் இருக்கைப் பக்கம் இருக்கிறது. வேலை தெரிந்தவர் கையிலேயே கொடுங்கள்.

சரி, அப்டேற். ஆங்கிலமும் வராது, இலங்கையும் வராது. ஜப்பான் சந்தைக்கென்று செய்த செற்றுக்கு நிறுவனம் தரும் புதுப்பித்தலில் இருப்பது பெரும்பாலும் ஜப்பானின் புதிய வீதிகளும் சில திருத்தங்களுமே. யூடியூப்காரர் காட்டுவது அநேகமாக அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ விற்ற கார். காரின் பெயர் ஒன்றாக இருக்கலாம், உள்ளே இருக்கும் செற் வேறு. றேடியோவும் அப்படியே. ஜப்பானின் பண்பலை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது, பழைய செற்கள் 90 உடன் நின்றுவிடும். நம் நிலையங்கள் 108 வரை பரந்து கிடக்கின்றன. இதற்கு மேப் அப்டேற் மருந்தில்லை. அன்ரெனா வயரில் பூட்டும் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டி போதும்.

‘ஆங்கிலமாக்கித் தருகிறோம்’ என்பவர்கள் ஏற்றுவது நிறுவனத்தின் மென்பொருள் அல்ல, வேறு யாரோ மாற்றி எழுதியது. உங்கள் செற்றின் அதே மாடல் இலக்கத்தில் செய்துகாட்டி, கெட்டால் தாங்களே பொறுப்பு என்று எழுதித் தந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் நான் செய்யமாட்டேன். மெனுவைப் படிக்கத்தானே ஆங்கிலம் வேண்டும்? போனில் கூகுள் லென்ஸைத் திறந்து திரையின் மேல் பிடியுங்கள், தமிழிலேயே காட்டும். ஒருமுறை எல்லா மெனுவையும் அப்படிப் படமெடுத்து வைத்துக்கொண்டால் கொஞ்ச நாளில் கை பழகிவிடும்.

வழிகாட்டலுக்கும் போனே போதும். செற்றில் புளூடூத் இருந்தால் கூகுள் மேப்பின் குரல் காரின் ஸ்பீக்கரில் வரும், போனுக்கு உறுதியான ஒரு ஸ்டாண்ட் போட்டால் வேலை முடிந்தது. மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்கள் அந்தப் பகுதி மேப்பை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இறக்கிய மேப் காலாவதியாகும் என்பதால் இடைக்கிடை புதுப்பிக்க வேண்டும். உள்ளூர் மேப் பழசானால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் ஊரே உதாரணம். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முந்திய மேப், ஆரையம்பதியிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவரைப் படகுத்துறைக்கு அனுப்பும், இல்லாவிட்டால் கல்லடி, வலையிறவு என்று சுற்ற வைக்கும்.

இனி, அப்டேற் செய்யக்கூடிய செற் வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்குத் திறந்தது. அதற்குப் பிறகு வந்த புதுக் கார்க்காரர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

அமைப்புகளுக்குள் போய் செற்றின் மாடல், பதிப்பு இலக்கம், நாடு அல்லது பிராந்தியம் மூன்றையும் போனில் படமெடுங்கள். கோப்பை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பிராந்தியம் பொருந்தாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள், டெலிகிராமில் தேடாதீர்கள். பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 வடிவில் இருக்கவேண்டும் என்பார்கள். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ‘கோப்பு பெரிது’ என்று கணினி சொன்னால் பென் டிரைவ் கெட்டுப்போகவில்லை, வடிவத்தைத்தான் பார்க்கவேண்டும். கோப்பை விரித்துப் போடுவதா சுருக்கிய படியே போடுவதா என்பது செற்றுக்குச் செற் மாறும். நிறுவனத்தின் குறிப்பு சொல்கிறபடி மட்டும் செய்யுங்கள்.

செற்கள் சாவது பெரும்பாலும் மின்சாரம் அறுந்துதான். உங்கள் பயம் நியாயமானது. பல டொயோட்டாக்களை பார்க்கிங் கியரில் அக்சஸரி நிலையில் (எஞ்சின் ஓடாமல் செற் மட்டும் வேலை செய்யும் நிலை) விட்டால் 20 நிமிடத்தில் தாமாக அணைந்துவிடும், பற்றரியைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. அப்டேற்றோ அதைவிட நீளலாம். ஹைபிரிட் என்றால் ரெடி விளக்கு எரியும் நிலையில் வையுங்கள், பெற்றோல் கார் என்றால் எஞ்சினை ஓடவிடுங்கள், நிறுவனக் குறிப்பு வேறு சொல்லாவிட்டால். ஹைபிரிட்டிலும் எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும். ஆகவே மூடிய கராஜுக்குள் வேண்டாம், வேப்பமர நிழலில் விடுங்கள். நம் வெயிலில் திரையே கொதிக்கும், அதுவும் நல்லதல்ல. ஏ.சி., லைட் எல்லாம் நிறுத்தி வைத்து, ஸ்மார்ட் சாவியோடு அருகிலேயே இருங்கள். இடையில் திரை கறுத்துத் திரும்ப வருவது சாதாரணம். பலர் அந்த நேரத்தில்தான் பதறிப்போய்ப் பென் டிரைவை இழுத்துவிடுகிறார்கள்.

இடைச்செருகலாக ஒன்று: திகதி மட்டும் இருபது வருடம் பின்னால் போய்விட்டது என்றால் செற் கெட்டதாக நினைக்கவேண்டாம். ஜி.பி.எஸ். வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டுத் திரும்பப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி நடந்தது. இதைத் திருத்த நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும்.

கழற்றிவிட்டு ஆண்ட்ராய்ட் செற் போட்டவர்களுக்கு வேறு தொல்லை. அதில் இரண்டு மென்பொருள் உண்டு: ஆண்ட்ராய்ட் ஒன்று, ஸ்டியரிங் பட்டன், றிவர்ஸ் கமரா, மின்சாரம் ஆகியவற்றைப் பார்க்கும் எம்.சி.யூ. இன்னொன்று. முதலாவது தவறினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எம்.சி.யூ.வுக்குத் தவறான கோப்பைப் போட்டால் செற் எழும்பாமலே போகலாம். வெளியே ஒரே மாதிரித் தெரியும் இரண்டு செற்றுக்குள் வேறு வேறு மின்சுற்றுப் பலகை இருக்கும். ஆகவே கோப்பை விற்ற கடையிலேயே கேளுங்கள், தொடுமுன் தொழிற்சாலை அமைப்புப் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். திரையில் காட்டும் ஆண்ட்ராய்ட் பதிப்பை அப்படியே நம்பவும் வேண்டாம், மலிவுச் செற்களில் அந்த எண்ணைச் சும்மா மாற்றி எழுதியிருப்பார்கள். பெரும்பாலானவர்களின் ‘செற் பழசாகிவிட்டது’ என்ற முறைப்பாடு, போனின் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து மேப் செயலியை மட்டும் புதுப்பித்தாலே தீர்ந்துவிடுகிறது.