செங்காந்தள் தூங்கும்போது எழுப்பாதீர்கள்

செங்காந்தள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கார்த்திகைப்பூ, கண்வலிப்பூ, கலப்பைக்கிழங்கு என்று ஊருக்கு ஒரு பெயரில் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே கொடிதான், நம் மாநில மலர். வேலியோரத்தில் யாரும் விதைக்காமல் படர்ந்த கொடியை இன்று காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. வீட்டில் வைக்க இத்தனை பேர் ஆசைப்படுவதில் மகிழ்ச்சியும் உண்டு.

மாசி மாதம் இரண்டு கிழங்கு வாங்கித் தொட்டியில் வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், முளைக்கவே இல்லை. கிழங்கு கெட்டதா? (வாசகி, சென்னை)

தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் பிரச்சினை. செங்காந்தள் கோடை முழுக்க மண்ணுக்குள் உறங்கும் கொடி. மழைக்காலம் தொடங்கும்போதுதான் விழிக்கும். வயலில் பயிரிடுபவர்களும் ஜூன், ஜூலையில்தான் நடுகிறார்கள். உறங்கும் கிழங்குக்கு ஈரம் ஆகாது, அழுகிவிடும். நானும் முதல் வருடம் இப்படித்தான் மூன்று கிழங்குகளை இழந்தேன்.

இன்றே மண்ணைக் கிளறிக் கிழங்கை வெளியே எடுங்கள். அழுத்தினால் கொழகொழவென்று இருந்தால் பயனில்லை. கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மண்ணைத் தட்டிவிட்டு, காய்ந்த மணலில் புதைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத நிழலான இடத்தில் வையுங்கள்.

எடுக்கும்போது கவனம். கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்து இரண்டு கைகளோடு இருக்கும். கை நுனியை உற்றுப் பார்த்தால் சின்னதாக, கூராக ஒரு குருத்து தெரியும். முளைப்பது அங்கிருந்து மட்டும்தான். உருளைக்கிழங்கைப் போல உடம்பெல்லாம் கண் கிடையாது. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. கடையில் வாங்கும்போதும் முதலில் நுனியைப் பாருங்கள், பிறகு எடையை. 50 முதல் 60 கிராம் இருந்தால் அந்த வருடமே நன்றாகப் பூக்கும்.

ஆடி பிறந்ததும் நடுங்கள். ஓரடி ஆழமுள்ள தொட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய தொழு உரம். தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம். கிழங்கைப் படுக்கவைத்து, மேலே இரண்டு மூன்று அங்குலம் மண் போட்டால் போதும். ஒருமுறை நனைத்துவிட்டு, முளை தெரியும்வரை மண் காய்ந்தால் மட்டும் லேசாகத் தெளியுங்கள்.

ஐப்பசியில் அவ்வளவு அழகாகப் பூத்த கொடி, தை மாதம் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. உரம் போதவில்லையா? (வாசகர், திருச்சி)

உரக்குறை இல்லை. அதற்குத் தூக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். மேலே காயும்போதே கீழே அடுத்த வருடத்துக்கான புதுக் கிழங்கு முற்றிக்கொண்டிருக்கும். பழைய கிழங்கு சுருங்கி மறைந்துவிடும். அதனால் பச்சையாக இருக்கும் தண்டை அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். முழுதும் காயட்டும். தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். தொட்டியைக் கோடை மழை படாத இடத்துக்கு நகர்த்தி, அதன்மேல் "உள்ளே கிழங்கு" என்று எழுதி ஒட்டுங்கள். காலித் தொட்டி என்று நினைத்து வீட்டில் யாராவது கீரை விதைத்துவிடுவார்கள். கிழங்கின் விஷத்தை நினைத்தால் அது ஆபத்தும்கூட.

தடிமனான மூங்கில் நட்டேன். கொடி அதைப் பிடிக்காமல் தரையில் விழுகிறது. (வாசகர், கோவை)

இலையைப் பாருங்கள். நுனி நீண்டு, சுருண்டு, சின்னச் சுருள்கம்பி போல இருக்கும். செங்காந்தளுக்குப் பற்றும் கை அந்த இலை நுனிதான். தண்டு சுற்றி ஏறாது. அவ்வளவு சிறிய சுருளால் கட்டைவிரல் பருமனுள்ள மூங்கிலை எப்படிப் பிடிக்க முடியும்? சணல் கயிறு, மெல்லிய கம்பிவலை, கிளைத்த சுள்ளி இவைதான் அதற்குத் தோது. வயல்களில் விராலிச் செடியின் கிளைத்த குச்சிகளை நட்டு ஏற்றிவிடுவது இதனால்தான். மூங்கிலை எடுக்க வேண்டாம், அதில் குறுக்கும் நெடுக்குமாகச் சணலைக் கட்டிவிடுங்கள். தண்டு எளிதில் ஒடியும், அதனால் விழுந்ததை இழுக்காமல் இரண்டு கையாலும் தாங்கித் தூக்குங்கள்.

வீட்டில் மூன்று வயதுப் பேத்தியும் ஒரு நாயும் உண்டு. விஷச்செடி என்கிறார்களே, வைக்கலாமா? (வாசகி, மதுரை)

விஷம்தான், அதுவும் கடுமையான விஷம். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சமாதானம் சொல்ல மாட்டேன். கிழங்கு, விதை, இலை, பூ எதுவும் விலக்கில்லை. அதிலிருக்கும் கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள்தான் காரணம். மூட்டுவாத மாத்திரை செய்ய இதே பொருளைத்தான் எடுக்கிறார்கள். அளந்து கொடுத்தால் மருந்து, அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது. வள்ளிக்கிழங்கு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு.

தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். சாதாரண வயிற்றுப்போக்கு என்று வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதுதான் பெரிய தவறு. சந்தேகம் வந்த உடனே 108-ஐ அழைத்து, கடித்த துண்டையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேத்தி வளரும்வரை வேண்டாம் என்பதே என் பதில். மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாய் இருந்தாலும் அப்படியே. அதுவரை அந்த இடத்தில் முல்லை வையுங்கள், அதுவும் நம் மண்ணின் கொடிதான். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கலாம், ஆனால் காய் முற்ற விடாதீர்கள். முற்றிய காய் வெடித்தால் உள்ளே செக்கச்செவேலென்று விதை வரிசையாக இருக்கும், மிட்டாய் போலத் தோன்றும். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள்.

இதே கிழங்கை அரைத்துத் தடவினால் சுகப்பிரசவம் ஆகும் என்று கேள்விப்பட்டதாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். சித்த மருத்துவத்திலும் நச்சு நீங்கச் சுத்திகரித்த பிறகே இதைச் சேர்க்கிறார்கள். வீட்டில் கைவைத்தியமாகச் செய்யும் பொருள் அல்ல இது.

கண்வலிப்பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வருமா? (மாணவி, தஞ்சாவூர்)

வராது, ஆசைதீரப் பாருங்கள். காலையும் மாலையும் ஒரே பூவைப் பார்த்து வந்தால், பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் முழுச் சிவப்பாவது தெரியும். ஒரே கொடியில் நாலு நிறம் தெரிவது அதனால்தான். ஆறு இதழும் நெளிந்து மேல்நோக்கி நிற்பதைப் பார்க்கும்போது, சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்குக் காந்தளை ஏன் உவமை சொன்னார்கள் என்று புரியும்.

நிறையப் பூக்கிறது, காயே பிடிப்பதில்லை. விதை வேண்டும். (வாசகர், தாராபுரம்)

உங்கள் பக்கத்தில்தான் இதை ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள், காலையில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதி, அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீண்டுவிடும். மகரந்தப் பைகளுக்கும் அதற்கும் தூரம் அதிகம். பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வராவிட்டால் காய் பிடிப்பது கடினம். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள், வேறொரு கொடியின் பூவிலிருந்து மகரந்தப் பையைக் கிள்ளி, மடங்கிய தண்டின் மூன்று பிளவுள்ள நுனியில் தடவுங்கள். விதையிலிருந்து வளர்த்தால் பூவைப் பார்க்க மூன்று நாலு வருடம் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கறுப்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளி போட்ட புழு இலையைத் தின்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

காந்தளைத் தேடி வரும் புழு அது. இரண்டு மூன்று நாளில் கொடியை மொட்டையாக்கிவிடும். காலையில் இலையின் அடிப்பக்கம் பார்த்து, பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அதிகமிருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள்.

எங்கள் ஊர்க் கரட்டில் நிறையக் கிடக்கிறது. தோண்டி எடுத்து வரலாமா? (வாசகர், அரியலூர்)

வேண்டாம். விதைக்கிழங்குக்காகக் காட்டிலிருந்து தோண்டித் தோண்டித்தான் பல இடங்களில் இது அரிதாகிவிட்டது. கல் இடுக்கில் கிடக்கும் கிழங்கைக் கடப்பாரை போட்டு எடுத்தால் குருத்து நுனி ஒடியாமல் வருவதும் கடினம். காட்டுக்கும் போச்சு, உங்களுக்கும் ஆகவில்லை என்றாகும். உங்கள் மாவட்டத்திலேயே ஜெயங்கொண்டம் பக்கம் பயிரிடுகிறார்கள். கொடி காய்ந்து கிழங்கு தோண்டும் சமயத்தில் அந்த விவசாயிகளிடம் நாலு கிழங்கு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரட்டில் இருப்பதைப் புரட்டாசி, ஐப்பசியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.