புதுக் கடல்நீர்த் தொட்டியில் முதல் மீன் எப்போது?

பினாங்கில் பல ஆண்டுகளாக வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்களின் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் பாதிக்குமேல் "இன்னும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?" என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): மூன்றடித் தொட்டி வைத்து எட்டு நாள் ஆகிறது. தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. கடைக்காரர் மீன் விடலாம் என்கிறார். விடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. பளிங்குத் தண்ணீரிலும் இருக்கும். மீன் மூச்சு விடும்போதெல்லாம் செவுள் வழியே அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. கடலில் அது கரைந்து காணாமல் போகும். உங்கள் தொட்டியில் போக இடமில்லை. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்ற வேண்டும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். இரண்டும் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். புட்டியில் விற்கும் பாக்டீரியா இதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், அவ்வளவுதான்.

மீன் இல்லாத தொட்டியில் அந்த பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். பசாரில் வாங்கிய இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுவது பழைய வழி. வேலை நடக்கும், வீடும் நாறும். இப்போது நான் அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். அம்மோனியா அளவு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை விட்டு, 24 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். சேர்ந்துபோன நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம்.

என் முதல் தொட்டியில் பத்தாம் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். மூன்றாம் நாள் காலை இரண்டும் பம்ப் தண்ணீர் தள்ளும் இடத்தில், மேல்மட்டத்தில், செவுள் படபடக்க நின்றன. தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு, சன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள்மீது பிடித்துப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டியது வேப்பிலைப் பச்சையில் இருந்தது. அன்று மாலைக்குள் ஒன்று போய்விட்டது. நானும் "விடலாம்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பித்தான் விட்டேன்.

கேள்வி (செந்தூல்): எங்களுடையதும் மூன்றடிதான். எத்தனை மீன், எதை முதலில் விடுவது?

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கணக்குக்கு 190 லிட்டர். பாறையும் மணலும் போக 150 தான் மிஞ்சும். அதில் சிறிய மீன் ஐந்து அல்லது ஆறு, அதுவும் மூன்று நான்கு மாதத்தில் பரப்பி. ஒவ்வொரு புது மீனும் பாக்டீரியாவுக்குக் கூடுதல் வேலை. அது ஈடுகட்ட இரண்டு மூன்று வாரம் கொடுங்கள்.

வரிசைதான் முக்கியம் அக்கா. கூச்சமுள்ளது முதலில், சண்டைக்காரன் கடைசியில். சிறு மீன்களான நெருப்பு மீன் (ஃபயர்ஃபிஷ்) அல்லது கோபி ஒன்றோடு தொடங்குங்கள். நெருப்பு மீன் துள்ளும். வலை மூடி இல்லாவிட்டால் மறுநாள் அலமாரிக்குப் பின்னால் கருவாடாகக் கிடக்கும். அடுத்து பங்காய் கார்டினல். சுலாவெசி அருகிலுள்ள பங்காய் தீவுகளுக்கே உரிய மீன். கடலில் அளவுக்குமீறிப் பிடித்து அருகிப்போய்விட்டது, ஆகவே பண்ணையில் வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். முட்டையை ஆண் வாயில் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது சாப்பிடாததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பிறகு கோமாளி மீன் ஜோடி. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகப் பார்த்து எடுங்கள். எல்லாம் ஆணாகவே பிறக்கும். இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். சம அளவில் இரண்டு எடுத்தால் யார் பெண் என்று தீரும்வரை கடிபடும். நீல டாம்செல் மலிவு என்று முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். முழுத் தொட்டியும் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும், பிறகு வருகிற ஒவ்வொன்றையும் துரத்தும்.

வாங்கவே கூடாதவை இரண்டு. நீல டாங் ஓரடி வளரும் மீன்; மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் பெரும்பாலும் பாறையில் ஊரும் பொடிப் பூச்சி போன்ற உயிர்களை மட்டுமே தின்னும். புதுத் தொட்டியில் அவை இல்லை. கடையில் அழகாக நிற்கும், வீட்டில் மெலிந்து சாகும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): கடல் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பு வாங்கிக் கலக்க வேண்டுமா?

கலக்கத்தான் வேண்டும். நம் கரையோரக் கடல் கலங்கல், மழைக்குப் பின் உப்பும் குறைந்துவிடும், படகு எண்ணெயும் கழிவும் வேறு. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராம் செயற்கைக் கடலுப்பு, 150 லிட்டருக்கு ஐந்தரை கிலோ. அடர்த்தி 1.025 இருக்க வேண்டும். நல்ல தண்ணீருக்கு, கடை வாசலில் காசு போட்டுப் பிடிக்கும் இயந்திரங்களை எல்லாம் நம்பாதீர்கள். சில வெறும் கரி வடிகட்டி. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மானியை முக்கிப் பாருங்கள், பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் மட்டும் பிடியுங்கள்.

கேள்வி (செராஸ்): தொட்டி 31 டிகிரி காட்டுகிறது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க வசதியில்லை ஐயா.

மீன் மட்டும் என்றால் விசிறி போதும். நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வீசும்படி வையுங்கள், இரண்டு டிகிரியாவது இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி 1.030-க்குக் கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): புது மீனின் உடம்பில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தொட்டியில் மருந்து ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். அது கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியாக இருக்கும். செம்பு மருந்து அதைக் கொல்லும். நத்தையையும் இறாலையும் சேர்த்தே கொல்லும், பாறையிலும் ஊறிவிடும். எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விட்டால், தங்குவதற்கு மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழியும். இதற்குத்தான் தனித் தொட்டியை முதலிலேயே வாங்கச் சொல்கிறேன்: இரண்டடி வெறும் கண்ணாடி, ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த் துண்டுகள். புது மீன் ஒவ்வொன்றும் நான்கு வாரம் அங்கே இருந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

கேள்வி (கெப்போங்): எங்கள் தாமான் குடியிருப்பில் டெங்கிக்குப் புகை அடிக்கப் போகிறார்கள். மீனுக்கு ஆபத்தா?

மிகவும். புகையில் கலக்கும் பைரித்திராய்டு மருந்து நமக்கு இருமலோடு போகும், மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். காற்றுப் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் கொட்டுகிறது, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் அப்படித்தான். இரண்டையும் நிறுத்துங்கள், தண்ணீரைச் சுழற்றும் பம்ப் மட்டும் ஓடட்டும். சன்னலை அடைத்து, தொட்டியை ஈரத் துணியாலும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளாலும் மூடுங்கள். புகை கலைந்து, வீட்டைத் திறந்து காற்றாடவிட்ட பிறகே துணியை எடுங்கள். கொசுவத்தியும் அந்த அறையில் வேண்டாம்.

கேள்வி (ஜெலுத்தோங்): பூலாவ் பாயார் தீவுக்குப் போகிறோம். இரண்டு மீன் பிடித்து வரலாமா?

கூடாது. அது கடல் பூங்கா, மீனும் பவளமும் எடுப்பது குற்றம். கண்ணாடி போட்டுக்கொண்டு நீந்திப் பாருங்கள், கோமாளி மீன் உங்களிடம் வரும்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): தீபாவளிக்கு ஐந்து நாள் ஈப்போ போகிறோம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் தீனி போடச் சொல்லலாமா?

வளர்ந்த, நலமான மீன் ஐந்து நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டார் பாசத்தில் ஒரு பிடி போட்டால்தான் ஆகும். மனம் கேட்கவில்லை என்றால், ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் காகிதத்தில் மடித்து, மேலே கிழமையை எழுதி வையுங்கள், டப்பாவைக் கையோடு ஈப்போவுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.